குறுக்கே வந்தவன்

"அவனுக்கு வாழ்நாள் தடை போடுங்க! இல்லேன்னா இந்தக் கோப்பையே எனக்கு வேண்டாம்!"

உடை மாற்றும் அறையில் சாம்பியன் தாம்தூம் என்று குதித்தார். இடுப்பில் சுற்றிய துண்டும் கூடவே குதித்தது.

அலைச்சறுக்கையே தொழிலாக வைத்து மீசை நரைத்தவர். இன்று கடைசிப் போட்டி. கேமராக்கள் நின்ற பக்கமாக அருமையான அலை ஒன்று எழ, பலகையில் ஏறிக் குனிந்து நின்றார். அவ்வளவுதான். பின்னாலிருந்து பாய்ந்து வந்து குறுக்கே விழுந்தான், இறுதிச் சுற்றில் அவரோடு மோதிய சின்னவன். இருவரும் தொபுக்கடீரென்று தண்ணீரில்!

அடுத்தவர் அலையில் குறுக்கிட்டால் புள்ளி போய்விடும். போயிற்று. முந்திக்கொண்டிருந்தவன் தோற்றான். கரையே அவனைப் பார்த்து ஊளையிட்டது.

"நீங்கதானே சார் ஜெயிச்சீங்க?" என்றார் போட்டி அமைப்பாளர்.

"ஜெயிச்சு என்ன? என் கடைசி அலை சார் அது! கெடுத்துட்டு, முதுகோட ஒட்டிக்கிட்டு 'மன்னிச்சிடுங்கண்ணே'ன்னு கரை வரைக்கும் வர்றான். தள்ளினாலும் போகலை. அப்புறம் யார் துண்டையோ பிடுங்கி என் இடுப்பில கட்டி மரியாதை வேற. காக்கா பிடிக்கிறானாம்!"

ஜன்னலுக்கு வெளியே நிருபர்கள் சின்னவனைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ப்பா இப்படிப் பண்ணினே?"

"பொறாமைங்க. வேற என்ன?"

"கேட்டீங்களா? அவன் வாயாலயே சொல்றான்!" என்று துள்ளினார் சாம்பியன்.

"சரி சார், தடையை மேடையிலயே அறிவிச்சிடலாம். டிரஸ் மாத்திட்டு வாங்க" என்று அமைப்பாளர் வெளியேறினார்.

மாற்று உடையோடு மூலையில் காத்திருந்த மனைவி கதவைச் சாத்தினாள். "கோபம் அப்புறம். முதல்ல ஈரத்தைக் கழட்டுங்க."

சாம்பியன் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டை உருவினார்.

பின்னால் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"டிரவுசர்... பின்னாடி... மேலேருந்து கீழ வரைக்கும் கிழிஞ்சு தொங்குது!"

கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பார்த்தார். கைக்குத் துணியே அகப்படவில்லை.

"அய்யய்யோ... குனிஞ்சப்போ டர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுது. அலைன்னு நினைச்சேன்."

"அந்த அலை நேரா கேமரா முன்னாடிதான் போய் நின்னிருக்கும். எங்கப்பா அம்மா டி.வி.யை விட்டு நகரவே இல்லையாம்."

சாம்பியன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்; ஜன்னல் வழியே சின்னவனை எட்டிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் வேறு உடையில் மேடையேறியவர், கோப்பையைச் சின்னவன் கையில் திணித்துவிட்டு, கிழிந்த டிரவுசரைத் தலைக்கு மேல் தூக்கி எல்லா கேமராக்களுக்கும் காட்டினார்.