கமடோரிடமிருந்து வந்த சைகை

கமடோரின் கப்பலில் டார்பிடோ பாய்ந்தபோது கமாண்டர் ஹாலமின் கையில் கோக்கோ குவளை இருந்தது. அவர் அதைக் கீழே போடவில்லை. பத்திரமாக என்னிடம் நீட்டினார்.

காலை எட்டேகால் மணி. அட்லாண்டிக் அன்று அதிசயமாகச் சாதுவாகக் கிடந்தது.

அடிபட்டது சரக்குக் கப்பல் அணியின் முதல் கப்பல். நடுவில் முறிந்து, முன்பாதி தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் தலைகள் தெரிந்தன. மொத்தம் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களில் ஒருவர் கிழவர்.

கிழவர் என்றால் விங்ஃபீல்ட். அட்மிரலாக ஓய்வு பெற்று ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டிருந்தவர். சண்டை வந்ததும், அறுபத்தாறு வயதில், தானே பதவியைக் குறைத்துக்கொண்டு, சரக்குக் கப்பல்களை வழிநடத்தும் கமடோராகக் கடலுக்குத் திரும்பிவிட்டார். இனிக் காவல் கப்பலின் தலைவர் சொல்வதைத்தான் அவர் கேட்க வேண்டும். அந்தத் தலைவர் ஹாலம்.

ஹாலம் பதினாறு வயதில் கிழவரின் கப்பலில் பயிற்சிக்கு ஏறியவர். முந்தைய சண்டை முடிந்து கடற்படையில் ஆட்களைக் குறைத்தபோது, வீட்டுக்கு அனுப்பும் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. கிழவர் லண்டனுக்கு ரயிலேறிப் போய், மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டு, அந்தப் பெயரை அடிக்க வைத்தார்.

அதற்குப் பிறகும் ஹாலமுக்குப் பெரிய வாழ்வு ஒன்றும் வந்துவிடவில்லை. கூடப் படித்தவர்கள் கேப்டன் ஆனார்கள். இவர் துறைமுகக் கிடங்கில் போர்வைகளுக்குப் பொறுப்பாளராக ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தார். சண்டை வந்திருக்காவிட்டால் அங்கேயே நரைத்திருப்பார்.

பத்து நாட்களாகக் கிழவர் விளக்குச் சைகையிலேயே இவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். சைகையைப் படித்துச் சொல்வது என் வேலை. "உன் புகைபோக்கி சலவைக்காரி அடுப்பு மாதிரிப் புகைகிறது." "திரும்புவதற்கு இவ்வளவு இடமா? அது கப்பலா, பசுமாடா?" நான் முகத்தை இறுக்கிக்கொண்டு உரக்கப் படிப்பேன். கப்பலைச் செலுத்தும் மேடையில் நிற்கும் மற்றவர்கள் குனிந்து சிரிப்பார்கள். ஹாலம் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் அனுப்பச் சொல்வார்: "மன்னிக்கவும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஹாலமின் வாயைப் பார்த்தோம்.

விதி தெரிந்ததுதான். நீர்மூழ்கி பக்கத்தில் இருக்கும்போது காவல் கப்பல் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த டார்பிடோ எங்களுக்கு. நாங்களும் போனால் மீதி இருபத்தொன்பது கப்பல்களுக்கு நாதி இல்லை.

ஹாலம் மூழ்கும் கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமலே, இயந்திர அறைக்குப் பேசும் குழாயின் மேல் கையை வைத்தார். வாய் திறந்தது. நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கமடோர்கிட்டேருந்து சைகை, ஸார்!" என்று கத்தினேன்.

"படி."

"'நிற்காதே. அணியைக் கொண்டுபோய்ச் சேர். நீ நல்ல மாலுமி.'"

குழாயின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. அரை நிமிடம் இருக்கும். பிறகு வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

தண்ணீரில் கிடந்தவர்கள் எங்களைப் பார்த்து முதலில் கையசைத்தார்கள். நாங்கள் கடந்து போகிறோம் என்று புரிந்ததும் சிலர் கத்தினார்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை கையசைத்துக்கொண்டே இருந்தான். அவனை என்னால் மறக்க முடியவில்லை.

மூன்று மணி நேரம் நீர்மூழ்கியைத் துரத்தினோம். அணியில் வேறு கப்பல் எதுவும் மூழ்கவில்லை. அணியின் கடைசியில் வந்த சின்னக் கப்பல் ஒன்று பதினோரு பேரைத் தூக்கி எடுத்தது. கிழவர் அவர்களில் இல்லை.

மாலையில் சைகைப் பதிவேட்டை ஹாலமின் அறைக்குக் கொண்டுபோனேன். அன்றன்று வந்த சைகைகளைக் கப்பல் தலைவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு விசாரணை வந்தால் அதுதான் சாட்சி.

பேனா அந்த வரியில் நின்றது.

"'நல்ல மாலுமி'யா?" என்றார். "இருபத்தாறு வருஷத்துல என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலேருந்து வந்ததில்ல, பெங்கெல்லி."

"இன்னிக்கு வந்துச்சு, ஸார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கையெழுத்திட்டார். மை காயும்வரை காத்திருந்து பதிவேட்டை மூடினார்.

"அந்த வரியை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடு. அவர் வீட்டம்மாவுக்கு அனுப்பணும்."

நான் கதவருகே போனதும் கூப்பிட்டார்.

"ரெண்டு தாள்ல எழுது."

எழுதிக் கொடுத்தேன். ஒன்றை உறையில் போட்டார். இன்னொன்றை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலையில் கமடோரின் கப்பலில் ஒரு விளக்கும் எரியவில்லை. சைகை விளக்கு இருந்த முன்பாதிதான் முதலில் தண்ணீருக்குள் போனது. ஹாலமும் நானும் தோளோடு தோள் நின்று, ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.