படத்தில் இருக்கிற பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தைப் பிள்ளையார் கோயிலில் காலைப் பூசை முடிந்து கால் மணித்தியாலம் ஆகியும், அந்த இரண்டு அம்மாக்களும் போனைப் பார்ப்பதும் வந்திருந்த பெண்களைப் பார்ப்பதுமாகவே நின்றார்கள்.

வருவதாகத் தரகர் சொல்லியிருந்த, மாப்பிள்ளையின் தாயும் பெரியதாயும். அவர்களை நான் முன்பின் கண்டதில்லை. ஆனால் பின்னால் நின்ற எனக்குப் போனில் இருந்த படம் தெரிந்தது. நான் எடுத்த படம். என் தங்கச்சி மயூரியின் படம்.

மயூரி நாலு முழம் தள்ளித் தூணடியில்தான் நின்றாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவளுக்கு அங்கால் நின்ற பிள்ளையைப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்கள் பெண் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயிலில் தற்செயலாகக் கண்டதுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடலாம். அதனால் அறிமுகம் செய்துவைக்க ஆள் வருவதில்லை. என்ன நிறச் சாறி என்று மட்டும் தரகர் கேட்டிருக்கிறார். தேனுஜன் எடுத்த படம் இருக்கும்போது சாறி நிறம் எதற்கு என்று அம்மா பெருமையோடு சொல்லிவிட்டா.

என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கிழமை நாட்களில் நான் இன்சூரன்ஸ் கொம்பனியில் கிளார்க். சனி, ஞாயிறில் படம் எடுக்கிறவன். மூன்று வருடம் பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு என்று ஓடித் திரிந்தும் ஒருவருக்கும் என் பெயர் தெரியவில்லை. பிறகு, தொழிலை வளர்ப்பது எப்படி என்று ஒன்லைனில் ஒரு வகுப்பு எடுத்தேன். எல்லாவற்றுக்கும் ஓடாதே, ஒன்றைப் பிடித்துக்கொள், அதில் உன்னை விட்டால் ஆளில்லை என்று வரவேண்டும் என்றார்கள். கலியாணம் பேசும்போது சாதகக் குறிப்போடு சேர்த்து அனுப்பும் படத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் வெள்ளவத்தைத் தரகர்கள் எல்லோர் வாயிலும் என் பெயர்தான். நகரின் மறுமுனைக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

மயூரிக்கு முப்பத்து மூன்று வயது. இருபத்தைந்து குறிப்புப் பார்த்ததில் பொருந்திவந்தது இந்த லண்டன் மாப்பிள்ளை ஒருவர்தான். தாய் பார்த்துச் சரி என்றால் அவர் இங்கே வர பிளேன் ரிக்கெற் போடுவார். விடுவேனா? என் வித்தை முழுவதையும் அவள் முகத்தில் காட்டினேன். கன்னத்து மறுவை எடுத்தேன். தாடையை ஒடுக்கினேன். மூக்கைச் சீராக்கினேன். நிறத்தை ஏற்றினேன், பிறகு இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அந்த முகத்துக்கு எடுப்பாக இல்லை என்று கடைசியில் சாறியின் நிறத்தையும் மாற்றினேன்.

கூடப்பிறந்தவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

இப்போது போய், இவதான் அந்தப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். நாலு எட்டு வைத்தால் போதும். கால் வரவில்லை. சொன்னால் அவர்கள் போனையும் மயூரியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அதை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அதற்குள் தாய்க்காரி மயூரியிடமே போய்விட்டா.

"பிள்ளை, நீங்கள் இந்தக் கோயிலுக்கு வாறனீங்களோ? இவவை இஞ்ச எங்கயும் கண்டனீங்களோ?"

மயூரி போனைக் கையில் வாங்கினாள். வடிவாகப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ரோசக்காரி, வேண்டுமென்றே சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் ஏச்சு நிச்சயம். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அவள் என்னிடம் வந்தாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

"அவையும் ஆரையோ பொம்பிளை பார்க்க வந்தவை போல கிடக்கு, அண்ணா. பாவம், பிள்ளையைக் காணேல்லையாம். நல்ல வடிவான பிள்ளை. எங்கட ஆக்கள் ஏன் இன்னும் வரேல்லை?"

வருகிற எல்லோருக்கும் படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் அனுப்புவேன். மயூரியின் படத்தை மட்டும் அவளுக்கோ அம்மாவுக்கோ காட்டாமல் நேரே தரகருக்கு அனுப்பியிருந்தேன். வீட்டுப் பிள்ளைதானே என்ற நினைப்பு.

வருவார்கள் என்று சொன்னேன்.

வாசலில் தாயும் பெரியதாயும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மயூரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தூணை விட்டு இரண்டடி முன்னால் போய் நின்றாள்.