முப்பத்தேழரை

தெர்மாமீட்டர் முப்பத்தேழு காட்டியது. அரை டிகிரி குறைவு.

அறிவழகன் முந்திரிச் சுள்ளி ஒன்றை ஒடித்து அடுப்புக்குள் தள்ளினான். குளியலறைக் கதவை ஒரு விரற்கடை மட்டும் திறந்துவைத்தான்.

அடுப்பு என்றால் ஐந்து லிட்டர் பெயின்ட் டப்பா. அடியில் காற்றுக்கு ஒரு துளை, அதைத் திறந்து மூட ஒரு தகரத் துண்டு. பழைய இரும்புக் குழாய் ஒன்று புகையை வென்டிலேட்டர் வழியாக வெளியே கொண்டுபோனது. மேலே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் சூடாகிக்கொண்டிருந்தது. ஆறடிக்கு நாலடி அறைக்கு அது போதும்.

மூன்று நாளாகக் கரன்ட் இல்லை. புயலில் புளியமரம் சாய்ந்து தெருக் கம்பி அறுந்து கிடந்தது. அதுவரை நாற்பது வாட்ஸ் பல்ப் செய்த வேலையை இப்போது இந்த டப்பா செய்கிறது.

எதிரே தெர்மாகோல் பெட்டி. அதில் மணல். மணல்மேல் ஒன்பது முட்டைகள்.

இன்று பொரிய வேண்டும்.

ஒரு நாள் வீட்டுக்குள் திடீரென்று அத்தனை பேர் வந்துவிட்டார்கள். மிரண்டு எழுந்த கோழி திரும்ப அடையில் உட்காரவே இல்லை. அன்றிலிருந்து அவன்தான் கோழி.

பவர் பிளான்டில் அவனுக்கு பாய்லர் பேனலில் வேலை. கான்ட்ராக்ட். அங்கே ஐந்நூறு டிகிரியைத் திரையில் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். இங்கே அரை டிகிரிக்கு உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே விழித்தான்.

மூன்று நாளில் ஒரு தடவைகூட முப்பத்தெட்டைத் தாண்டவிடவில்லை. யாரிடமாவது அதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. யாரிடம் என்று யோசித்ததும் அடுத்த சுள்ளியை எடுத்தான்.

வாசலில் ஷாமியானா மேல் தூறல் விழும் சத்தம். சவரம் செய்ய வந்தவர் இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டார்.

மாமனார் மருதாசலம் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"வெறகு ஈரமாக் கீது மாப்ள. இத்தப் போடுங்க."

பிரித்தார். தேங்காய் அளவுக்குப் பழுப்பு நிலக்கரி, வார்னிஷ் பூசியது. முப்பத்தாறு வருடம் சுரங்கத்தில் இருந்தவர் கடைசி ஷிப்டில் கையோடு எடுத்துவந்தது. வீட்டு ஷோகேசில் நடு இடம் அதற்குத்தான். தூசி தட்டக்கூட வேறு யாரையும் விட்டதில்லை.

"கரி வெட்டனவன் வூட்டு மாப்ள சுள்ளி எரிச்சிக்கினு உக்காந்திருந்தா நாலு பேரு என்னா சொல்லுவான்?"

"வேணாம் மாமா. இந்தப் புகையில கந்தகம் இருக்கு. இத்துனூண்டு ரூம்பு. ஓட்டுக்குள்ளயே செத்துடும்."

மருதாசலத்தின் முகம் சுருங்கியது. அந்தக் கரிதான் அவர் மகள் பிரபாவதியைப் படிக்கவைத்தது, கட்டிக்கொடுத்தது. கட்டியை மறுபடி காகிதத்துக்குள் வைக்கப்போனவர் நின்றார்.

"மூலை வேற போயிடுச்சி. எவன் கைய வச்சானோ. போன மாசத்துலேந்து கேக்காத ஆள் இல்ல."

அறிவழகன் உடைந்த மூலையைப் பார்த்தான்.

பெட்டிக்குள் கைவிட்டு, முட்டைகளை அசைக்காமல், ஓரத்து மணலை விலக்கினான். அங்கே ஒரு துருப்பிடித்த நட்டு இருந்தது. பக்கத்தில் ஒரு கரித்துண்டு.

அடை வைக்கும்போது முட்டைகளோடு ஓர் இரும்பும் ஒரு கரித்துண்டும் போடுவார்கள். இடி இடித்தாலும் முட்டை கூமுட்டையாகாது என்று நம்பிக்கை. கேஸ் அடுப்பு வீட்டில் கரிக்கு எங்கே போவது?

துண்டைக் கையில் எடுத்தான். ஒரு பக்கம் வார்னிஷ் மின்னியது.

மருதாசலம் அதை வாங்கி உடைந்த மூலையில் வைத்தார். இம்மி இடைவெளியின்றிப் பொருந்தியது.

பொருந்திய கோட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"திருட்டுக் கழுத," என்றார். "கேட்டா குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சிருக்கு பாரு."

சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. துண்டை அது இருந்த குழியிலேயே வைத்து மணலால் மூடினார். பெரிய கட்டியையும் பெட்டியின் மூலையில், முட்டைகளில் படாமல் வைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நகத்தால் சுவரைத் தட்டுவது போல.

நடு முட்டையில் மயிரிழையாய் ஒரு கீறல்.

இருவரும் குனிந்தார்கள். கீறலுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். பக்கத்து முட்டைக்குள்ளிருந்து அதற்குப் பதில்.

வாசலில் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்கள்.

"போயிட்டு வாங்க மாப்ள. நான் இருக்கேன்."

"முப்பத்தேழரை, மாமா. ஏறினா தகரத்த மூடுங்க. எறங்கினா ஒரு சுள்ளி."

"பாய்லர்காரன் சொல்லிட்டா சரிதான்," என்று மருதாசலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஷாமியானாவின் கீழே பலகை போட்டிருந்தார்கள். மாலை போட்ட படத்தில் பிரபாவதி கல்லூரிக் காலத்துச் சிரிப்போடு இருந்தாள்.

அடை வைத்தவள் அவள்தான். ஐந்து நாள் பார்த்துக்கொண்டாள். இந்தப் பதினாறு நாளும் அவன் பார்த்துக்கொண்டான்.

பலகையில் உட்கார்ந்து, சவரக் கத்திக்குத் தலையைக் குனிந்தான்.

ஒன்றைக்கூட ஆறவிடவில்லை.