துண்டில் செய்த முயல்

அந்தப் பெண்ணின் தலையணையை அவன் இன்னொரு முறை தட்டி வைத்தான். தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதில் ஒட்டியிருந்த நீளமான முடியைக் குப்பையில் போட மனசு வராமல் விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

அந்தச் சுற்றுலாக் கப்பலில் அவன் ரூம் பாய். போன வருஷம் சேர்ந்தவன், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பயணிகள் ஊர் சுற்றக் கரைக்குப் போனதும் அறைக்குள் நுழைந்து, அவர்கள் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கீழே பெரிய கட்டிலில் அவளும் இரண்டு குழந்தைகளும் படுத்து எழுந்த சுருக்கம். சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் படுக்கையில், அவர்களோடு வந்திருக்கும் தொப்பிக்காரனுடைய போர்வை. அதை மடிக்கும்போதே அவனுக்கு வயிறு எரிந்தது.

பின்னே, எரியாதா? கப்பல் நிற்கிற ஊரிலெல்லாம் அந்த ஆள் இரண்டரை வயசுப் பொடியனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அக்காக்காரியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். காலையில் கோட்டை, அப்புறம் நீரூற்று, சாப்பிட்ட வாயைத் துடைப்பதற்குள் மிருகக்காட்சி சாலை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டும் வாடி வதங்கிப்போயிருக்கும்.

'பச்சப் புள்ளைங்கள இப்படியா இழுத்தடிப்பான்? கோட்டைச் சுவரைப் பாத்து அந்தப் பொடியன் பரீட்சையா எழுதப்போறான்?' என்று அவன் பல்லைக் கடிப்பான். ஆனால் கோபம் கோட்டை மேல் இல்லை என்பது அவனுக்கே தெரியும். பொடியன் தூங்கித் தலை சாய்க்கிற அந்தத் தோள் மேல்தான்.

"இன்னுமா இந்த ரூம்லயே நிக்கற?"

வாசலில் சூப்பர்வைசர். அவன் சட்டென்று விரலிலிருந்த முடியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"முடிஞ்சிருச்சு சார்."

"நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இந்தக் குடும்பம் ஏறினதுலேருந்து உன் பார்வையே சரியில்ல. பயணிங்ககிட்ட ஒட்டறது, குழந்தையத் தூக்கறது, எதுவும் இங்க ஆகாது. உன் சொந்த மாமனாரே டிக்கெட் வாங்கிட்டு வந்தாலும் வணக்கம் சொல்லிட்டு நகந்துடணும். மீறினா அடுத்த துறைமுகத்துல இறக்கிவிட்டுடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

"தெரியும் சார்."

அது வெறும் மிரட்டல் இல்லை. மேல் தளத்து ஆள் ஒருவன் போன மாசம்தான் இப்படிப் பெட்டியும் கையுமாக இறங்கிப்போனான். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இவன் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவர் நகர்ந்ததும் வெள்ளைத் துண்டொன்றை எடுத்து மடித்தான், சுருட்டினான், இழுத்தான். காதைத் தூக்கிக்கொண்டு ஒரு முயல் உட்கார்ந்தது. மற்ற அறைகளுக்கெல்லாம் எப்போதும் ஒரே அன்னம்தான். இந்த அறைக்கு மட்டும் நேற்று யானை, முந்தாநாள் குரங்கு.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது அவன் நடைவழியில் தள்ளுவண்டி நிறைய விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனாள். அக்காக்காரியும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. என்ன கொழுப்பு!

அடுத்த நிமிஷம் பொடியன் முயலைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடி வந்தான். நேராக அவனைப் பார்த்துத்தான் வருகிறான். அவன் கைகள் தாமாகவே விரிந்தன.

பொடியன் அவனைத் தாண்டி ஓடினான். பின்னால் பைகளைச் சுமந்துகொண்டு வந்த தொப்பிக்காரனின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"இது நீ செஞ்சியா?"

தொப்பிக்காரன் ரூம் பாயை ஒரு பார்வை பார்த்தான். நடைவழிக் கோடியில் லிஃப்டுக்கு நின்ற சூப்பர்வைசரையும் பார்த்தான். பைகளைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "ஆமாண்டா, நான்தான்" என்றான்.

பொடியன் எம்பி அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தான்.

அடப்பாவி! ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு யானையும் முயலும் செய்யப் பழகியது ஒருத்தன், முத்தம் இன்னொருத்தனுக்கா? அவனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தொப்பியைப் பிடுங்கிக் கடலில் வீசலாமா என்றுகூடத் தோன்றியது.

பொடியன் துள்ளிக்கொண்டு திரும்பி ஓடியதில் தள்ளுவண்டிச் சக்கரம் தடுக்கி ரூம் பாயின் காலடியிலேயே குப்புற விழுந்தான்.

அவன் பதறிக் குனிந்தான். லிஃப்டுப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. நீட்டிய கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

"பாத்து வரணும், கண்ணா" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பொடியன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. பேயைக் கண்டதுபோல வீறிட்டுக்கொண்டு ஓடித் தொப்பிக்காரனின் தோளில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டான். தொப்பிக்காரன் அவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனான்.

சூப்பர்வைசர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு லிஃப்டில் ஏறினார். கதவு மூடிக்கொண்டது. அவன் விரிப்பை மடிக்கிற சாக்கில் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

சட்டையை யாரோ இழுத்தார்கள். அக்காக்காரி. நடைவழியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அவனைக் குனியச் சொல்லிக் காதோடு சொன்னாள்:

"அம்மாவும் மாமாவும் நானும்தாம்ப்பா உங்களத் தெரியாத மாதிரி நடிக்கறோம். தம்பி நடிக்கல."