நாலு பொட்டு வெல்டிங்

"தொடாதேக்கா, பெயிண்ட் இன்னும் காயல."

தம்பி சொல்வதற்குள் அவள் விரல் பட்டுவிட்டது. காரின் பின்சீட் இருந்த இடத்தில், தரையிலிருந்து கூரைவரை இரும்புக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக நின்றன.

"ஏண்டா, காருக்குள்ள கூண்டு போட்டிருக்கே. நீ என்ன கோழியா?"

"கார் உருண்டாலும் உள்ளே இருக்கிறவன் நசுங்காம இருக்கத்தான். பந்தயத்துக்குப் போற எல்லாரும் போடுறது. முதல்ல கையைத் துடை, என் சீட்டுல தேய்ச்சிடாதே."

மறுநாள் காலை, பயிற்சித் திடலில் கார் ஒரே ஒரு முறை உருண்டது. கூண்டு மூட்டு மூட்டாகப் பிரிந்து அவன் மேலேயே மடிந்தது.

விசாரணைக்குக் கூண்டு போட்டவர் நேரில்கூட வரவில்லை. 'வேலையில் குறையில்லை, ஓட்டியவருக்குத்தான் நிதானமில்லை' என்று ஒரு கடிதம் அனுப்பினார். கோப்பிலும் அப்படியே ஏறிவிட்டது. பல் தேய்க்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறவன், செத்த பிறகு நிதானமில்லாதவன் ஆனான்.

ஒரு வருஷத்துக்கு மேல் நடையாய் நடந்தபின் விசாரணை அதிகாரி கொஞ்சம் இறங்கி வந்தார். "வெல்டிங் சரியில்லைன்னு தொழில் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் கொடுத்தா மறுபடி பார்க்கலாம். வியாழக்கிழமைக்குள்ள." கூண்டில் பிரியாமல் மிஞ்சியிருந்த ஒரு மூட்டுத் துண்டை வெட்டி, அதில் எண் குத்தி, அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

அவளே உப்புத்தாள் போட்டுப் பெயிண்டைத் தேய்த்து எடுத்தாள். மூன்று பட்டறைகள் ஏறி இறங்கினாள். எல்லோரும் துண்டைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். எழுதித் தரத்தான் ஒருவரும் இல்லை.

"ஒரே தொழில்ல இருக்கோம்மா. நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்."

மூன்றாவது பட்டறைக்காரர் மட்டும் வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தினார். "யார் செஞ்சதுன்னு வாயைத் திறக்காதீங்க. பழைய கார் வாங்கினேன், அதுல இருந்ததுன்னு சொல்லுங்க. அடுத்தவன் வேலைன்னு நினைச்சுட்டா எங்க ஆளுங்க நாக்கு சும்மா இருக்காது. அதுல ஒருத்தர் இருக்காரு, வாய் ரொம்ப நீளம்." விலாசமும் சொன்னார்.

அந்த வாய் நீளமானவர் முன்னால்தான் இப்போது அவள் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் கரியும் தீப்பொறியும் இருந்தாலும் அவர் சட்டை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. குழாய்த் துண்டை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"எந்த மகராசன் கைவரிசை இது?"

"தெரியலைங்க. பழைய கார் ஒண்ணு வாங்கினேன், அதுல இருந்தது. கூண்டை அப்படியே வச்சுக்கலாமா?"

"தாராளமா வச்சுக்கலாம். துணி காயப்போட."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "இங்கே பாருங்க மேடம். குழாய் நகராம இருக்க முதல்ல நாலு பொட்டு வைப்போம். அப்புறம் சுத்தி வர முழுசா அடிக்கணும். இந்தப் புண்ணியவான் பொட்டு வச்ச கையோட சாப்பிடப் போயிட்டான். வந்து சந்துல பட்டி பூசி, பெயிண்ட் அடிச்சு மூடிட்டான். இதுக்குப் பேர் வெல்டிங் இல்ல, மேக்கப்."

பின்னால் வேலையாக இருந்த வெல்டர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்து துண்டை உற்றுப் பார்த்தார். "சார், இது..."

"நான் பேசிட்டிருக்கேன்ல. போய் உன் வேலையைப் பாரு."

முகமூடி மெதுவாக இறங்கியது.

"கார் உருண்டா இது தாங்குமாங்க?" என்றாள்.

"எதுக்கு உருளணும்? பள்ளத்துல இறங்கினாலே பிரிஞ்சுக்கும்."

"ஓட்டுறவர் நிதானமா ஓட்டினா?"

"எப்பேர்ப்பட்ட கில்லாடி ஓட்டினாலும் இதுதான் கதி. அவன் என்ன பண்ணுவான் பாவம். இதைச் செஞ்சவனை உள்ளே உட்கார வச்சு உருட்டணும்."

அவள் பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இதையே எழுதித் தருவீங்களா? காரை வித்தவர் நான் சொன்னா நம்ப மாட்டார். பொம்பளைக்கு இதுல என்ன தெரியும்பார்."

"நான் சொன்னா நம்பித்தானே ஆகணும்?"

பட்டறையின் பெயர் போட்ட தாளை எடுத்தார். ரசித்து ரசித்து எழுதினார். 'இது கொலைக்குச் சமம்' என்ற வரிக்குக் கீழே கோடும் போட்டார். துண்டில் குத்தியிருந்த எண்ணையும் சேர்க்கச் சொன்னபோது ஏன் என்று கேட்கவில்லை. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"எவன் வேணா வந்து கேட்கட்டும், பதில் சொல்றேன். நீங்க காரைக் கொண்டாங்க. நான் போட்டுத் தரேன் கூண்டு. ஆயுசுக்கும் அசையாது."

"வரேங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். கூண்டு போட்டு முடித்த அன்று தம்பிக்குக் கொடுத்த உத்தரவாதச் சீட்டு அது. இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே பட்டறை, அதே முத்திரை.

வால் நீண்ட அந்தக் கையெழுத்து, இத்தனை நாளில் கொஞ்சமும் மாறவில்லை.