குமிழி நீக்கும் வசதி

கடலுக்கடியில் எடுத்த படத்தைத் திருத்த எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்க, தி.நகரில் சஃப்வானின் எடிட்டிங் கடைக்குப் போனேன். அந்தமானில் என் மனைவி பூஜா ஸ்கூபா டைவிங் செய்தபோது எடுத்த படம். முழுக்க நீலமாக இருந்தது. அவள் நிறம் திரும்பினால் போதும் என்றேன்.

முதல் சாஃப்ட்வேரில் நீலம் கொஞ்சம் குறைந்தது.

"இது பழசு சார், சுமார்தான்" என்று சஃப்வான் அடுத்ததில் போட்டான். பூஜாவின் மாநிறம் அப்படியே வந்தது. ஆனால் முகத்தருகே இருந்த குமிழிகளைக் காணோம்.

"குமிழி எங்க?"

"அதான் சார் இதுல ஸ்பெஷல். குப்பைன்னு நெனச்சி தானா எடுத்துடும்."

"வேணாம். வேற காட்டுங்க."

மூன்றாவதும் குமிழிகளை எடுத்துவிட்டது.

"பழசையே வாங்கிக்கறேன்" என்றேன்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் தட்டிக் கழிக்கிறீங்க? பழசுல மேடம் மூஞ்சிய பாதி குமிழி மறைக்குது. பாத்தா உங்களத்தான் திட்டுவாங்க."

"திட்டினா நல்லாத்தான் இருக்கும்."

சஃப்வான் சிரித்தான். "அப்டி இன்னா சார் கீது அந்தக் குமிழியில?"

"அவ மூச்சு. போன வருஷம் தவறிட்டா. மத்த படத்துலல்லாம் சும்மா சிரிக்கறா. மூச்சு விடறது இதுல மட்டும்தான் தெரியுது."

சஃப்வான் அன்டூ பொத்தானை அழுத்தினான்.

குமிழிகள் திரும்பி வந்தன.