கேட்டோ கிழித்த பத்திரம்

அமெரிக்காவின் தெற்கே, ரிச்மண்ட் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் பெல்லமி சனிக்கிழமைதோறும் ஒரே கதையைத்தான் எழுதினார். எஜமானர் விடுதலைப் பத்திரம் கொடுப்பார். கேட்டோ என்ற அடிமை அதைக் கிழித்தெறிந்துவிட்டு அவர் காலில் விழுந்து அழுவான். வாசித்த சீமாட்டிகளும் அழுதார்கள்.

அச்சு இயந்திரத்தை ஓட்டிய ஐசம், பெல்லமியின் அடிமை. அவன் ரகசியமாக வாசிக்கக் கற்றிருந்தான். ஒவ்வொரு வாரமும் மனதுக்குள் காறித் துப்பினான்.

"ஏன்டா, ஒனக்குக் குடுத்தாலும் கிழிச்சிருவேல்ல?" என்றார் பெல்லமி.

"வேற என்னத்துக்கு ஆகுங்கய்யா அது."

கதை அச்சான சனிக்கிழமைகளில் இயந்திரத்தடியில் ஒரு பிடி காகிதக் கிழிசல் கிடந்தது. அங்கே யாரும் எதையும் கிழித்திருக்கவில்லை. பன்னிரண்டாம் வாரம் ஐசம் கிழிசல்களை மாவுப் பசையால் ஒட்டினான். விடுதலைப் பத்திரம். பெல்லமியின் கையெழுத்து, நீதிமன்ற முத்திரை.

திங்கட்கிழமை, அடிமைமுறை இல்லாத வடக்கே போகும் கப்பலில் ஐசம் ஏறும்போது குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எவன்டா இதக் கிழிச்சது?"

"நாந்தாங்க. அப்பப் புத்தியில்ல."

"பேரு?"

"கேட்டோ."

அந்தச் சனிக்கிழமைக் கதையில் எஜமானர் பத்திரத்தை நீட்டினார். அதற்குக் கீழே பத்தி முழுவதும் வெள்ளையாக இருந்தது.